முதல் ஆல்பமே மேல்

“இரு மாப்ள, ஒண்ணும் சொல்லாத” என்று இடது கையைத் தூக்கினார் அவர். வலது கை எழுதிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஸ்டூலில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்தான். மூச்சையே பாதிப் பாதியாகத்தான் விட்டுக்கொண்டிருந்தான். அவன் நான்கு வருடமாகச் செய்த எட்டுப் பாட்டுகளில் முதல் பாட்டு தொடங்கி நாற்பது வினாடி ஆகியிருந்தது. அவர் மூன்றாவது வாக்கியத்தை முடித்து அடியில் கோடு போட்டார்.

இந்த இனம் உங்களுக்குத் தெரியாததல்ல. “இவங்களோட முதல் ஆல்பம்தான் மேல்” என்கிற இனம். இசை விமர்சகர் என்று அட்டையில் அச்சடித்துக்கொள்வதும் உண்டு, அடிக்காமலே நடமாடுவதும் உண்டு. பெரிய கம்பெனிகள் சீந்தாத இசைதான் இவர்களுடைய மேய்ச்சல் நிலம்: நாலு பேர் சேர்ந்து கார் நிறுத்துகிற இடத்திலோ குளியலறையிலோ பதிவு செய்து, அட்டைப்படத்தையும் தாங்களே வரைந்து, இண்டி என்றும் மாற்று இசை என்றும் சொல்லி, தெரிந்தவர்களுக்கெல்லாம் தாங்களே அனுப்பிவைத்து, பிறகு யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த ஆல்பங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடியவர் இவர். ஆனால் ஒரு வார்த்தையில் சொல்லமாட்டார்.

இரண்டாவது ஆல்பம் வந்தால், முதல் ஆல்பம் மேல். மூன்றாவது வந்தால், முதல் ஆல்பம் மேல், இரண்டாவதை உலகம் புரிந்துகொள்ளவில்லை. சரி, முதல் ஆல்பம் வந்தபோது என்ன சொன்னார்? “இதுக்கு முன்னாடி மூணு பாட்டு சும்மா பதிஞ்சு நண்பர்களுக்கு மட்டும் குடுத்தாங்களே, கேட்டிருக்கீங்களா?” கேட்டிருக்கமாட்டீர்கள். அவரும்தான்.

பாட்டு மெதுவாகப் போனால் முதிர்ச்சி. பழைய வேகத்திலேயே போனால் தேக்கம். வேகம் கூடினால் பதற்றம். முந்நூறு பேர் கேட்டால் இயக்கம், மூவாயிரம் பேர் கேட்டால் சமரசம். சமையலறையில் மனைவி முணுமுணுத்துவிட்டாளா, அந்த பேண்டின் கதை முடிந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் பெரியவர்கள். இவர் மூடியைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நான் சொல்லவந்தவரைப் பகலில் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடும் வேலை. நசுங்கிய கார்களை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எங்கே அடி, எவ்வளவு அடி, பழைய அடியா புது அடியா என்று எழுதவேண்டும். மாலையிலும் அதே வேலைதான். கார் மட்டும் இருக்காது. மாதம் ஒருமுறை முந்நூறு பிரதி அச்சாகும் ஒரு சிறுபத்திரிகையில் கடைசி மூன்று பக்கம் அவருடையது. பதினாறு வருடமாக எழுதுகிறார். பத்திரிகையைப் பின்னாலிருந்து படிக்கிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அந்த நாற்பது பேரில் ஒருவர் ஊரிலுள்ள சின்ன அரங்கத்தின் பொறுப்பாளர். தொண்ணூறு இருக்கை. எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். எந்தப் புது ஆளுக்கு மேடை தருவது என்று மேடம் முடிவு செய்வது இவருடைய கடைசிப் பத்தியைப் படித்துத்தான். முதல் பத்திகளைப் படிக்க முயன்றிருக்கிறார். நேரம் போதவில்லை.

இனி, அவர் கேட்கும் முறை. கவனியுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

கதவைச் சாத்துவார். சுழல்நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்புவார். பெரிய கறுப்பு ஹெட்போனைத் தலையில் மாட்டி, இடது வட்டைக் காதின் மேல் பொருத்திவிட்டு, வலது வட்டை முன்னால் தள்ளி நெற்றிப்பொட்டுக்கு மேலே நிறுத்திக்கொள்வார். ஏதோ ஒரு பத்திரிகைப் படத்தில் ஒலிப்பதிவுக்கூடத்து நிபுணர் ஒருவர் அப்படி நின்றிருந்தாராம். அந்த நிபுணர் தன் பக்கத்தில் நின்றவர் பேசுவதைக் கேட்க அப்படித் தள்ளியிருந்தார். இவர் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. “ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது எனக்கு” என்பார் கேட்டால். வாக்கியங்களை எழுதும்போது வாய்க்குள் சொல்லிப்பார்க்கும் பழக்கம் உண்டு. அவற்றைக் கேட்கவும் ஒரு காது வேண்டாமா? ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவர் என்று அவரைப் பற்றி யாரும் குறைசொல்ல முடியாது. மறு காது அந்த வேலைக்கே வருவதில்லை.

இதனால் பதினாறு வருடத்தில் பெரிய நஷ்டம் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. பெரும்பாலான பாட்டுகள் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். மச்சினனின் எட்டுப் பாட்டு அப்படியல்ல. அவன் வாத்தியம் அத்தனையையும் இடது காதுக்கு வைத்திருந்தான். குரலை வலது காதுக்கு மட்டும் வைத்திருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏழு, எட்டு மாடிக் கட்டடங்களின் மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் இருக்கும் சின்ன அறைகளின் சாவிகள் அவன் இடுப்பில் தொங்கும். விடுமுறை நாள்களில், பழுதுபார்ப்பு என்று பலகை தொங்கவிட்டு, அந்த அறைகளில் கித்தார் வாசித்துப் பதிவு செய்தான். இரும்புக் கயிற்றைத் திருப்புளியால் தட்டினால் ஒரு சத்தம் வரும், அதையும் சேர்த்துக்கொண்டான். அந்தப் பதிவுகளை அக்காவுக்குக்கூட அவன் தரவில்லை.

“அத்தான் கேட்டு, இது தேறும்னு சொன்னாத்தான் உனக்கு. இல்லைன்னா எட்டையும் அழிச்சிடுவேன்” என்றான்.

“உங்க அத்தானா? அவரு எங்க கல்யாண ஆல்பத்தையே முதல் பத்துப் பக்கம்தான் நல்லாருக்குன்னு சொன்ன ஆளு” என்றாள் அக்கா.

“அதனாலதான்க்கா. அவரு சொன்னா அது நிஜமா இருக்கும்.”

இப்படியும் ஓர் இனம் உண்டு. முதலாவது இனம் உயிர்வாழ்வது இந்த இனத்தைச் சாப்பிட்டுத்தான்.

எட்டுப் பாட்டும் முடிய முப்பத்தைந்து நிமிடம். ஸ்டூல் இடதுபுறம் இருந்தது. வலதுபுறம் முழுக்க ஆல்ப அலமாரி. மச்சினனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வட்டு, அது காதை மூடியிருந்தது. அவனோ அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஹெட்போனைக் கழற்றி, நாற்காலியை மெதுவாக அவன் பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மாப்ள. பாடாம விட்ட பாரு, அங்க நிக்கிற.”

“அத்தான்?”

“யாரா இருந்தாலும் பாடித் தொலைச்சிருப்பான். நீ விட்ட.”

“அப்போ… குரல்?”

“குரலைப் பத்திப் பேச்சே வேணாம்” என்றார் அவர், பெருமிதத்தோடு.

அவன் தலையாட்டினான். தன் குரலை இதைவிட நாசூக்காக யாரும் குப்பையில் போட்டிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டான். நன்றி சொன்னான். ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்தான். போகும்போது சாவிக்கொத்தைச் சத்தமெழாமல் கையில் பிடித்துக்கொண்டு போனான்.

கட்டுரை அந்த மாதமே வந்தது. தலைப்பு, ‘பாடாமையின் துணிவு’. கடைசிப் பத்தியை மட்டும் தருகிறேன், மேடமும் அவ்வளவுதான் படித்தார்: ‘குரல் வந்து நிற்கவேண்டிய இடத்தில் இவர் ஒரு காலி நாற்காலியைப் போட்டிருக்கிறார். நாம் அந்த நாற்காலியைக் கேட்கிறோம். எட்டுப் பாட்டுகளிலும் ஒரு சொல்கூட உதிராத இந்த விரதம், சமகால இசையின் ஓயாத வாய்க்கு ஒரு பூட்டு.’

நாற்காலியை எப்படிக் கேட்பது என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். மேடம் யோசிக்கவில்லை. மச்சினனுக்குப் போன் செய்தார். அவன் ஒரு லிஃப்டின் அடிக்குழிக்குள் நின்றுகொண்டிருந்தான்.

“பாடாத ஆல்பமாமே. வர்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலியா இருக்கு, வந்து வாசிங்க. ஒரே ஒரு கண்டிஷன் தம்பி.”

“சொல்லுங்க மேடம்.”

“பாடிடக் கூடாது. போன மாசம் ஒருத்தர் பாடி, மைக்செட்டுக்காரரே எழுந்து டீ குடிக்கப் போயிட்டார்.”

நான்கு வருடமாக அவன் கேட்டு அலைந்த மேடை அது. குழிக்குள் நின்றபடியே சரி என்றான். அன்று மாலையே எட்டுப் பாட்டிலிருந்தும் தன் குரலை எடுத்தான். மறுநாள் மத்தியானம் அக்கா வேலைபார்க்கும் பல் மருத்துவமனைக்கு அதை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கன்னம் வீங்கியவர்களை வரிசைப்படுத்தி உட்காரவைப்பது அவள் வேலை. தம்பியின் போனை வாங்கி, மேசைக்குக் கீழே தாழ்வாக ஒலிக்கவிட்டு, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள்.

“நல்லாருக்கு. நீ எங்கடா?”

“நான் இல்ல. எடுத்துட்டேன். அத்தான் சொன்னது சரிதான்.”

“என்ன சொன்னார்?”

“குரலைப் பத்திப் பேச்சே வேணாம்னு சொன்னார். இருந்த குரலை இல்லைன்னே எழுதிட்டார்க்கா, பெரிய மனசு. மேடமும் பாடாம வான்னுதான் கூப்பிடறாங்க. ஊர் முழுக்க ஒரே அபிப்பிராயம்.”

“பழசு இருக்கா?”

“இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் அழிச்சிடலாம்னு.”

“குடு.”

பையிலிருந்து இயர்போனை எடுத்தாள். எடுத்தவள் யோசிக்காமல் வலது முனையைத் தன் காதில் வைத்து, இடது முனையை மேசைக்கு மேலாக அவனிடம் நீட்டினாள். பள்ளிக்கூட பஸ்ஸில் பத்து வருடம் அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பாட்டுப்பெட்டி, ஒரே ஒரு இயர்போன். அவளுக்கு வலது, அவனுக்கு இடது. ஜன்னலோரம் அவள் என்பதால் அப்படி அமைந்தது, வேறு காரணமில்லை. ஆகவே அந்தப் பத்து வருடப் பாட்டுகளில் வலது காதுக்கு வராதது எதுவும் அவளுக்குத் தெரியாது, இடது காதுக்கு வராதது எதுவும் அவனுக்குத் தெரியாது.

இப்போது அவள் வலது காதில் வாத்தியமே இல்லை. அவன் குரல் மட்டும், பக்கத்து இருக்கையிலிருந்து வருவதுபோல.

*பேட்டரி தீரப்போகுது, நீ கேட்டுக்கோ முதல்ல.*

“டோக்கன் பதினொண்ணு கூப்பிட்டாச்சா?” என்று கேட்டார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

“உக்காருங்க சார், ஒரு நிமிஷம்” என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. தம்பியைப் பார்த்தாள். “எருமை. எனக்குன்னே வலது பக்கம் வச்சியா?”

“பின்ன? நீ இன்னொரு பக்கத்தை என்னிக்குக் கேட்ட?”

“இதையா அழிக்கப் போற?”

“அத்தானுக்குப் பிடிக்கலையே.”

அவள் வலது முனையைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்தாள். பதினாறு வருடமாகக் கதவிடுக்கு வழியே காபி கொடுத்துவந்தவள் அவள். சுழல்நாற்காலியும், கறுப்பு ஹெட்போனும், நெற்றிப்பொட்டுக்கு மேலே சும்மா நிற்கும் வலது வட்டும் அவள் மனதில் ஒரு படமாக வந்து நின்றன.

“டேய்” என்றாள். “அவருக்குப் பிடிக்காம இல்லடா. அவரு கேக்கவே இல்ல.”

அன்று மாலை அவள் கதவைத் தட்டவில்லை. உள்ளே போனாள். அவர் ஏதோ ஒரு பேண்டின் நான்காவது ஆல்பத்தில் முதல் ஆல்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினாள். தம்பியின் எட்டுப் பாட்டை வைத்தாள். வலது வட்டைப் பிடித்து இழுத்து அவர் காதின் மேல் வைத்தாள்.

“என்ன இது?”

“காது.”

“தெரியுது.”

“தெரிஞ்சா சந்தோஷம். ரெண்டு இருக்கு, எண்ணிப் பாருங்க.”

பேனாவை அவள் எடுத்துக்கொண்டாள். அலமாரியில் சாய்ந்து, முப்பத்தைந்து நிமிடமும் அங்கேயே நின்றாள். இரண்டாவது பாட்டில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மூன்றாவதில் இறக்கினார். ஐந்தாவதில் கை பேனாவைத் தேடி, மேசையைத் தடவி, கிடைக்காமல் தொடைமேல் போய் உட்கார்ந்தது. பேட்டரிப் பாட்டு முடிந்தபோது அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டும் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றினார். காது இரண்டும் சிவந்திருந்தன, வலது கொஞ்சம் அதிகமாக. பழக்கமில்லாத காது.

“ஆனா பாரு” என்றார். “முதல்ல கேட்ட அந்த…”

“அந்த வாக்கியத்தை மட்டும் முடிச்சிராதீங்க.”

முடிக்கவில்லை.

“மேடத்துக்குப் போன் போடுங்க. தப்பாக் கேட்டுட்டேன், அவன் பாடியிருக்கான், ஞாயித்துக்கிழமை பாடுவான். சொல்லுங்க.”

“தப்புன்னு இல்ல. அது ஒரு வாசிப்பு. இப்போ ரெண்டாவது வாசிப்புக்கு…”

“போனைப் போடுங்க.”

இந்த இனத்தைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். இவர்கள் குப்புற விழுவதுண்டு. மீசையில் மண் ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் அது அந்த மண்ணைப் பற்றிய ஒரு கட்டுரையாகிவிடும். பதினாறு வருடத்தில் தப்பு என்ற சொல்லை அவர் நூற்றுக்கணக்கான முறை எழுதியிருக்கிறார், எல்லாம் அடுத்தவர் கணக்கில். இப்போது போனைக் காதில் வைத்திருந்தார். எந்தக் காது என்று மனைவி பார்த்துக்கொண்டாள்.

“மேடம், அந்த ஆல்பத்துல ஒரு உள்ளடுக்கு இருக்குங்க. பாடாமைங்கறது ஒரு கட்டத்துல தன்னையே மீறி…”

“சார், டிக்கெட்டுக் கவுன்ட்டர்ல நிக்கிறேன். பையன் பாடறானா?”

“பாடறான்னு மொட்டையாச் சொல்லிட முடியாது. குரலுக்கும் மௌனத்துக்கும் நடுவுல…”

“பாடறானா, இல்லையா?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் கழற்றினாள்.

“பாடறான்.”

“ஐயோ. நல்லாவா?”

இந்த இடத்தில் அவருக்கு எத்தனை சொற்கள் வந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். நேர்மை, அடர்த்தி, கச்சாத்தன்மை, ‘ஒருவகையில்’, ‘எனினும்’, ‘இதன் எல்லைகளைக் கணக்கில் கொண்டால்’. எல்லாம் வாசல்வரை வந்து நின்றன. மனைவி நின்ற நிலையில் எதுவும் வெளியே வரவில்லை.

“நல்லா” என்றார்.

“அப்போ பாடட்டும்” என்று மேடம் வைத்துவிட்டார்.

அவருடைய ஒரே ஒற்றைச்சொல் விமர்சனம் அது. அச்சில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு இருக்கையில் நாற்பத்தியொரு பேர் இருந்தார்கள். மச்சினன் மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் தொண்டை கம்மி, நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினான். அரங்கத்தில் வலது, இடது என்று பிரித்துவைக்க வழியில்லை. குரலும் வாத்தியமும் எல்லோருக்கும் சேர்ந்தேதான் வந்தன. ஆனாலும் அக்கா வலதுகோடியில் சுவரோரம்தான் உட்கார்ந்தாள். பேட்டரிப் பாட்டுக்கு மைக்செட்டுக்காரர் எழுந்தார். மேடத்துக்குத் திக்கென்றது. மின்விசிறியின் சத்தத்தை நிறுத்தத்தான் எழுந்திருக்கிறார். நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். விமர்சகர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எழுதாமல், முழுக்கக் கேட்டார். பக்கத்தில் பார்த்தால் நல்ல மனிதர்தான்.

இவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். சரி. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, கேட்டுவிடுகிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, மச்சினன் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிய பிறகு கொஞ்சம் தொய்ந்துவிட்டது’ என்று உங்களுக்கு எங்காவது தோன்றியதா? பாதியிலேயே, இதைப் பற்றி யாரிடம் என்ன சொல்லலாம் என்று ஒரு வாக்கியம் மனதில் தயாரானதா? கையைத் தூக்கவேண்டாம். வலது காதை மட்டும் ஒருமுறை தொட்டுப்பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. மச்சினன் ஆறாவது மாடியில் நின்றுபோன ஒரு லிஃப்டைச் சரிசெய்தான். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள், பத்திரமாக இறங்கினார்கள். அக்கா மருத்துவமனையில் பத்தொன்பது பேரை வரிசைப்படுத்தினாள். விமர்சகர் இடது கதவு நசுங்கிய ஒரு கார் பற்றி அறிக்கை எழுதினார். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஹெட்போனை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் வலது வட்டு நெற்றிப்பொட்டுக்குப் போய்விட்டது. ஆறு மணிக்கு மச்சினன் போன் செய்து, அடுத்த ஆல்பத்துக்கு இரண்டு வரி வந்திருப்பதாக அக்காவிடம் சொன்னான். அக்கா அதைக் கதவுக்கு வெளியே நின்றபடி அவரிடம் சொன்னாள். ஏழு மணிக்கு அந்த ஆல்பத்தைப் பற்றிய கட்டுரை இரண்டு பக்கம் முடிந்திருந்தது.